கருவி யார் கையில்?

கல்விக்கூடத்துள் புதிய கருவி ஒன்று நுழையும்போதெல்லாம் அறம் சார்ந்த வினா ஒன்றும் உடன் நுழைகின்றது. அக்கருவியால் யாருடைய ஆற்றல் பெருகுகின்றது? கற்பிப்பவருடையதா, கற்பவருடையதா?

நம் நாட்டில் 'பெஸ்தாரி' எனப்படும் விவேகப் பள்ளித் திட்டம் 1999-இல் முன்னோடிப் பள்ளிகளில் தொடங்கிற்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலானபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பெற்றன. 2020-இல் 'டெலிமா' என்னும் கற்றல் தளம் வந்தது. ஒவ்வொன்றையும் ஒட்டிப் பயிலரங்குகள் நடந்தன. ஆசிரியர்களும் ஆர்வத்தோடு கற்றனர். ஆயின், கற்றது பெரும்பாலும் கரும்பலகையில் எழுதியதைத் திரையில் காட்டுவதற்கே பயன்பட்டது. பாடம் அழகு பெற்றது. மாணவனோ முன்போலவே கைகட்டிப் பார்த்திருந்தான்.

இதனால் பயிற்சியே வேண்டா என்பது பொருளன்று. பயிற்சியின் நோக்கம் எங்கே முடிகின்றது என்பதே கேள்வி. ஆசிரியர் கற்ற திறன் அவரோடு நின்றுவிடின் அது அணிகலன். மாணவன் கைக்குச் சென்று சேரின் அது கல்வி.

தமிழ்த் தட்டச்சையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்துவந்த முரசு மென்பொருள், கணினியில் தமிழ் எழுத வழி செய்தது. அஞ்சல் விசைமுறையில் மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் திரையில் பிறக்கும். இலக்கண நூல் கூறும் எழுத்தின் பிறப்பை மாணவன் தன் விரல்நுனியிலேயே காண்கின்றான். இத்திறன் பெற்ற கிள்ளான் மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் தோட்டப்புற வாழ்வைக் கேட்டுத் தமிழில் பதிவு செய்வாளாயின், ஆசிரியர் அறியாத ஒன்றை அவள் வகுப்புக்கு வழங்குகின்றாள். அவ்விடத்தில் கேட்பவராக அமர ஆசிரியருக்கு மனம் வேண்டும். தம் மக்கள் தம்மை விஞ்சுதல் கண்டு மகிழ்வது பெற்றோர்க்கு மட்டும் உரிய பண்பன்று.

"அவ்வாறாயின் ஆசிரியர் எதற்கு?" எனச் சிலர் வினவலாம். கட்டளையிட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்நாளில் அவர் தேவை மிகுந்தே உள்ளது. பொறி எழுதியதைத் தன்னுடையதாக ஒப்படைக்கும் மாணவன் ஆற்றல் பெற்றவனல்லன், இருந்ததையும் இழந்தவன். "இதனை நீ எங்ஙனம் அறிந்தாய்? இது மெய்யென எதனால் நம்பினாய்?" என்று கேட்டு, அவனைச் சிந்திக்க வைப்பது ஆசிரியர் கடமை.

இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கற்றல் இல்லங்களுக்கு மாறிற்று. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவரிடம் மின்கருவி எதுவும் இல்லை எனத் தெரியவந்தது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருக்குமாயின், மூன்றாம் பிள்ளைக்கு மாணவர் ஆற்றல் என்பது வெறுஞ்சொல்லே. அப்பிள்ளைக்குப் பள்ளிக் கணினியில் முதலிடம் தருதல் சலுகையன்று, நீதி.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, பயிலரங்கு முடிந்து சான்றிதழ் பெறும்போது ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நேற்றுவரை என் மாணவனால் செய்ய இயலாத எதனை, நாளை அவன் என் துணையின்றியே செய்வான்? விடை கூற முடியுமாயின், அப்பயிற்சி பயனுடையது.