காலியான அரியணையும் கர்த்தரின் ஆட்சியும்

93ஆம் சங்கீதமும் 95 முதல் 99 வரையிலான சங்கீதங்களும் கர்த்தரை ராஜா என்று கொண்டாடுகின்றன. இவற்றை வெற்றிக் களிப்போடு பாடியே பழகிவிட்டோம். ஆனால் புத்தகத்தில் அவை நிற்கும் இடம் வேறொன்றைச் சொல்கிறது. ஐந்து பகுதிகளாகத் தொகுக்கப்பட்ட சங்கீதங்களில் மூன்றாம் பகுதி, தாவீதின் வம்சத்துக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கதறும் 89ஆம் சங்கீதத்தோடு முடிகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்தபோது, தாவீதின் வம்சத்து ராஜாவான சிதேக்கியாவின் மகன்களை அவன் கண்ணெதிரே கொன்று, அவன் கண்களையும் குருடாக்கி, விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். அரியணை காலியானது. அடுத்த பகுதியோ, இஸ்ரவேலுக்கு ராஜாவே இல்லாத காலத்தைச் சேர்ந்த மோசேயின் பெயரோடு தொடங்கி, கர்த்தரே ராஜா என்ற முழக்கத்துக்கு ஏறுகிறது. இந்த வரிசை திட்டமிட்டே அமைக்கப்பட்டது என்று 1985இல் வேதாகம ஆய்வாளர் ஜெரால்ட் வில்சன் வாதிட்டார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மனித அரசு கைவிட்ட மக்கள், தங்கள் நம்பிக்கை எதன்மேல் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடம் இது.

இந்தச் சங்கீதங்களில் சில, ராஜாக்கள் ஆண்ட காலத்திலேயே ஆலயத்தில் பாடப்பட்டிருக்கலாமே என்று கேட்கலாம். பாடப்பட்டிருக்கலாம். அப்படியானால் 99ஆம் சங்கீதம் இன்னும் துணிச்சலானது. கர்த்தரின் ஆட்சிக்குச் சாட்சிகளாக அது பெயர் சொல்லி அழைப்பது மோசே, ஆரோன், சாமுவேல் ஆகிய மூவரை. ஒருவர்கூட ராஜா அல்ல. ராஜா வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, அவன் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று எச்சரித்தவர் சாமுவேல்.

கடவுளை ராஜா என்பதே ஆள்பவர்களுக்கு வசதியாகிவிடவில்லையா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 1610இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் மன்னர் முதலாம் ஜேம்ஸ், கடவுளே அரசர்களைத் தேவர்கள் என்று அழைத்திருக்கிறார் என்று உரிமை கோரினார். ஆனால் ஆள்பவர்களை அப்படி அழைக்கும் 82ஆம் சங்கீதம், ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யாததற்காக அவர்களைக் கூண்டில் ஏற்றி, நீங்களும் மனிதரைப்போலவே சாவீர்கள் என்று தீர்ப்பளிக்கிறது. சங்கீதத்தைப் பாதியில் நிறுத்தினால்தான் அது அரசனுக்குத் துணைபோகும்.

பாடுகிறவர்களும் தப்புவதில்லை. முழங்கால் படியிடச் சொன்ன 95ஆம் சங்கீதம், உடனே திரும்பி, வனாந்தரத்தில், மேரிபாவில் மனதைக் கடினப்படுத்திய முன்னோரை நினைவூட்டிக் கண்டிக்கிறது. ஆகவே கர்த்தரை ராஜா என்று அறிவிப்பவன், வேறெந்த அதிகாரத்துக்கும் தன் மனசாட்சியை முழுதாக ஒப்புக்கொடுக்க முடியாது. தன் கைக்குள் இருக்கும் சிறு அதிகாரத்தையும் எளியவர்மேல் பாரமாக வைக்க முடியாது. அந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் ஏற்பதே அந்த ராஜாவுக்குச் செய்யும் ஆராதனை.