தோலோடு நின்ற கத்தி

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், 1990களின் பிற்பகுதியில் நடந்த ஓர் ஆய்வு இது. மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி தாங்காமல் வந்தவர் ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பார். அவருக்கு என்ன செய்யப்போகிறோம் என்று மருத்துவருக்கே தெரியாது. தியேட்டருக்குள் வந்த பிறகுதான், எந்தச் சிகிச்சை என்று சொல்லும் உறையைப் பிரித்துப் பார்ப்பார். போலி அறுவை என்று வந்திருந்தால், தூக்கம் வரவைக்கும் ஊசி ஒன்று, முழங்காலில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்று கீறல்கள், அவ்வளவுதான். கருவி எதுவும் மூட்டுக்குள் நுழையாது. ஆனாலும் மருத்துவர் வழக்கம்போல் ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குவார். காலை மடக்கி நீட்டுவார். மூட்டைக் கழுவும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக உப்புநீரைத் தெறிக்கவிடுவார். நிஜ அறுவைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நோயாளி உள்ளேயே இருப்பார். பிறகு கட்டுப் போட்டு ஓர் இரவு வார்டில் வைத்திருப்பார்கள். அங்கே கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும் யாருக்கு எது நடந்தது என்று தெரியாது.

பலன் தராது என்று தெரிந்துகொண்டே ஒருவரின் தோலைக் கீறுவது அறமாகுமா?

கேட்ட மாத்திரத்தில் ஆகாது என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. மருத்துவரின் கை நம் நன்மைக்காக மட்டுமே நம் உடம்பைத் தொடும் என்ற நம்பிக்கையில்தான் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் மயங்கிக் கிடக்கச் சம்மதிக்கிறோம். மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு. அது வயிற்றில் கரைந்து போய்விடும். கீறல் அப்படியல்ல. கிருமி தொற்றலாம், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம், தழும்பு ஆயுளுக்கும் நிற்கும். அமெரிக்க அறநெறியாளர் ரூத் மேக்லின் 1999இல் எழுதிய கட்டுரையில் இந்த எதிர்ப்பைத் தெளிவாக முன்வைத்தார். ஆய்வின் தரத்தைக் கூட்டுவதற்காக, நோயாளிக்கு நன்மையே தராத ஓர் ஆபத்தை அவர்மேல் சுமத்தக்கூடாது என்பது அவர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

1939இல் இத்தாலியில் ஃபியெஸ்கி என்ற அறுவை மருத்துவர், மார்புச் சுவரின் உட்பக்கம் ஓடும் தமனியைக் கட்டிவிட்டால் இதயத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், நெஞ்சுவலி குறையும் என்று சொன்னார். 1950களில் இந்த அறுவை அமெரிக்காவில் பரவியது. செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மாத்திரை குறைந்தது, கூடுதல் தூரம் நடக்க முடிந்தது. சந்தேகப்பட்டவர் லெனர்ட் காப். 1959இல் அவர் வெளியிட்ட ஆய்வில் மொத்தமே 17 பேர். எட்டுப் பேருக்குத் தமனியைக் கட்டினார்கள். ஒன்பது பேருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. இரு சாராரும் ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். அடுத்த ஆண்டு டைமண்ட் குழுவினர் 18 பேரிடம் செய்த ஆய்விலும் போலி அறுவை செய்துகொண்ட ஐவருமே நெஞ்சுவலி குறைந்ததாகச் சொன்னார்கள். அந்த அறுவையின் கதை அத்தோடு முடிந்தது.

எத்தனையோ பேரின் மார்பைக் கத்தியிலிருந்து காப்பாற்றிய ஆய்வு இது. ஆனால் அந்த ஒன்பது பேரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. இந்த அறுவையை மதிப்பிடுகிறோம் என்று மட்டுமே சொல்லப்பட்டது. தமனியைக் கட்டாமலே தைத்துவிடலாம் என்பது மறைக்கப்பட்டது. காலம் அப்படி என்று சமாதானம் சொல்வது சரியல்ல. ஆய்வுக்கு உட்படுபவரின் மனமுவந்த ஒப்புதல் கட்டாயம் என்பதை முதல் விதியாகவே வைத்த நியூரம்பெர்க் நெறிகள் 1947இலேயே எழுதப்பட்டுவிட்டன. கிடைத்த உண்மை எவ்வளவு பெரிதானாலும், ஒருவரை ஏமாற்றிக் கீறியது தவறுதான்.

அந்தத் தவறைத் திருத்திவிட்டால் போலி அறுவையில் குற்றம் மிஞ்சுமா என்பதுதான் கனமான கேள்வி. அதற்கு முன் ஓர் ஓரவஞ்சனையைக் கவனிக்க வேண்டும். புதிய மருந்து ஒன்றை விற்க வேண்டுமென்றால் அது வேலை செய்கிறது என்று நிரூபித்தாக வேண்டும்; அமெரிக்காவில் 1962 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. புதிய அறுவைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. திறமையான ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்கிறார், நோயாளிகள் தேறுகிறார்கள், மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள், பத்து ஆண்டில் அது வழக்கமாகிவிடுகிறது. ஹூஸ்டன் ஆய்வு நடந்த காலத்தில், முழங்கால் தேய்மானத்துக்காகத் துளை போட்டு மூட்டைச் சுரண்டிக் கழுவும் அறுவை அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 6,50,000 முறைக்கு மேல் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5,000 டாலர் செலவு.

2002இல் ஹூஸ்டன் முடிவு வெளிவந்தது. மொத்தம் 180 பேர், மூன்று பிரிவு: சுரண்டிச் சீராக்கியது, வெறுமனே கழுவியது, போலி அறுவை. இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். வலியிலோ நடமாட்டத்திலோ, நிஜ அறுவை செய்துகொண்டவர்கள் போலி அறுவைக்காரர்களைவிட ஒரு கட்டத்திலும் மேலாக இருக்கவில்லை.

இப்போது கணக்குப் பார்க்கலாம். ஆய்வில் 60 பேருக்குப் பலனற்ற கீறல் விழுந்தது. ஆய்வுக்கு வெளியே ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோருக்கு அதே கீறல்கள் விழுந்தன; கூடவே மூட்டுக்குள் கருவிகளும் போயின, பணமும் போனது. அந்த லட்சக்கணக்கானோரில் ஒருவரிடமாவது இது வேலை செய்யும் என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லப்பட்டிருக்குமா? அந்த 60 பேருக்குச் சொல்லப்பட்டது. வெறும் கையெழுத்து போதாது என்று, தனக்குப் போலி அறுவை மட்டுமே கிடைக்கலாம், அதனால் தன் மூட்டுத் தேய்மானத்துக்கு நன்மை இராது என்பதை ஒவ்வொருவரும் தம் மருத்துவக் குறிப்பில் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. தகுதியுள்ள 324 பேரைக் கேட்டதில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். அந்த 144தான் இந்த ஆய்வின் மிக நல்ல செய்தி. மறுக்க முடிந்த இடத்தில்தான் சம்மதத்துக்குப் பொருள் இருக்கிறது.

போலி அறுவை இல்லாமலே ஒப்பிடலாமே, ஒரு சாராருக்கு அறுவை, மறுசாராருக்கு உடற்பயிற்சி என்று? கட்டி கரைந்ததா, எலும்பு கூடியதா என்று படமெடுத்துப் பார்க்கக்கூடிய நோய்களில் அது போதும். வலியில் போதாது. மூட்டு வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். அப்போது எதைச் செய்தாலும், எதையுமே செய்யாவிட்டாலும், அடுத்த சில மாதங்களில் கொஞ்சம் இறங்கவே செய்யும். அதோடு பெரிய மருத்துவமனை, பேர்பெற்ற மருத்துவர், கத்தி, கட்டு, வீட்டார் காட்டும் கவனிப்பு எல்லாம் சேர்ந்து உடம்பைத் தேற்றுகின்றன. இவை அத்தனையையும் இரு சாராருக்கும் சமமாகக் கொடுத்தால்தான் கத்தியின் பங்கு எவ்வளவு என்று தெரியும். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதியில் நிஜ அறுவைக்கும் போலிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

பாதியில் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போலி அறுவை என்பது அறுவை மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கான கருவி அல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரஷா அல்-லமீ குழுவினர் 2017இல், நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் வைப்பதை இப்படிச் சோதித்தபோது, மருந்து முழுமையாக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஸ்டென்டால் நடைப்பயிற்சி நேரம் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. அதே குழு 2023இல், நெஞ்சுவலி மருந்தை நிறுத்திவிட்ட 301 பேரிடம் மீண்டும் சோதித்தது. இம்முறை ஸ்டென்ட் வலியைக் குறைப்பது ஐயமறத் தெரிந்தது. அந்தச் சிகிச்சையை நம்பும் மருத்துவருக்கு இதைவிட உறுதியான ஆதரவு கிடைக்காது.

நோயாளியின் காதுபட உப்புநீரைத் தெறிக்கவிட்டதே, அது பொய் இல்லையா? ஃபின்லாந்தில் மூட்டு ஜவ்வுக் கிழிசலுக்கான அறுவையைச் சோதித்த 146 பேர் ஆய்வில், பிளேடு கழற்றிய சுரண்டு கருவியை முழங்கால் சில்லின்மேல் வெளிப்புறமாக அழுத்தி ஓடவிட்டார்கள், உள்ளே வேலை நடக்கும் உணர்வு வரட்டும் என்று. பார்க்கச் சங்கடமான காட்சிதான். ஆனால் இரண்டில் எது நடந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர் அவர். அவருடைய ஒப்புதலின்படிதான் அந்த மறைப்பு நடக்கிறது. ஆய்வு முடிந்தபின் உண்மையைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். அது மறுக்கப்படும் இடத்தில் இந்த நியாயம் செல்லாது.

ஆபத்தை மட்டும் வாதத்தால் கரைத்துவிட முடியாது. 2017 ஸ்டென்ட் ஆய்வில், ரத்தக்குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கச் செலுத்திய கம்பியால் போலிப் பிரிவில் நான்கு பேருக்குச் சிக்கல் ஏற்பட்டு, அவர்களுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. தம் நன்மைக்காக அல்லாமல் அறிவுக்காக மேசையில் படுத்தவர்கள் அவர்கள். உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தருபவரும் தன் நன்மைக்கில்லாத கத்தியைத்தான் ஏற்கிறார், அதை நாம் போற்றுகிறோம் என்று பதில் சொல்லலாம். ஆனால் தருபவருக்குப் பெரும்பாலும் யாருக்காகத் தருகிறோம் என்று தெரியும். ஆய்வுக்கு வந்தவர் யாரென்றே தெரியாதவர்களுக்காக ஆபத்தை ஏற்கிறார்; கடன் இன்னும் பெரியது.

இந்த முறையை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது பார்க்கின்சன் நோய் ஆய்வில். கருவின் மூளைத் திசுவை நோயாளியின் மூளையில் பதியவைத்தால் நடுக்கமும் விறைப்பும் குறையுமா என்று 40 பேரிடம் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போடப்பட்டது. மூளை உறையைத் தொடவில்லை. மேக்லினின் எதிர்ப்பு இந்த ஆய்வை முன்னிட்டு எழுந்ததுதான். முழங்காலில் கீறுவதும் மண்டையில் துளைப்பதும் ஒன்றல்ல. கையும் காலும் கட்டுக்குள் இல்லாமல் தவிக்கும் ஒருவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. வேண்டாம் என்றே மனம் சொல்கிறது. ஆனால் முடிவு என்ன? நோயாளிகள் தாமே கணித்த முன்னேற்றத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. திசு பதியவைக்கப்பட்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் மருந்தை நிறுத்திய பிறகும் அடங்காத உடல் முறுக்கல் வந்தது. அந்தத் துளைகள் போடப்படாமல் இருந்திருந்தால், நன்மை உறுதிப்படாத அந்த அறுவை நம்பிக்கையின் பேரில் இன்னும் பலரின் மூளைக்குள் போயிருக்கும். இங்கே தீர்ப்பு எளிதாக வரவில்லை. மண்டையில் துளை போட வேண்டுமென்றால் வேறு வழி எதுவுமே இல்லை என்பதை ஆய்வாளர்கள் வெளியாள் குழுவுக்கு நிரூபித்தாக வேண்டும் என்ற அளவுக்கே சொல்ல முடிகிறது. மூட்டுக்கும் தோளுக்கும் முதுகெலும்புக்கும் நடந்த ஆய்வுகளில் அந்தத் தயக்கம் தேவையில்லை.

வறுமை இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆய்வில் சேர்ந்தால்தான் இலவசமாகப் பார்ப்போம் என்ற நிலையில் கேட்கப்படும் சம்மதத்தை ஹூஸ்டனின் 144 மறுப்புகளோடு ஒப்பிடவே முடியாது. மறுத்தவருக்கும் அதே மருத்துவமனையில் அதே சிகிச்சை கிடைக்கும் என்பது எழுத்தில் உறுதியாகாமல் ஒருவரையும் மேசைக்கு அழைக்கக்கூடாது.

இத்தனை நிபந்தனைகளோடு நடக்கும் போலி அறுவை அறத்துக்கு உட்பட்டதே. உண்மையில் அநீதி வேறிடத்தில் நடக்கிறது, ஆய்வு முடிந்த பிறகு. ஃபின்லாந்து முடிவு 2013இல் வெளிவந்தது: ஜவ்வை வெட்டிச் சீராக்கியவர்களும் போலி அறுவை செய்துகொண்டவர்களும் ஓராண்டுக்குப் பின் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நிஜ அறுவை செய்துகொண்டவர்களின் எக்ஸ்ரேயில் தேய்மானம் சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. அதன் பிறகும் நடுவயதினரின் தேய்ந்த ஜவ்வுக்கு இந்த அறுவை பல நாடுகளில் தொடர்ந்தது. அந்த 146 பேர் தம் முழங்காலைத் தந்தது ஓர் இதழில் அச்சாகி அலமாரியில் கிடப்பதற்காக அல்ல. இந்த அறுவையைப் பரிந்துரைக்கும் எந்த மருத்துவரும், ஒப்புதல் படிவத்தை நீட்டுவதற்கு முன், இது ஜவ்வை வெட்டாத போலி அறுவையோடு ஒப்பிடப்பட்டிருக்கிறது, வேறுபாடு தெரியவில்லை என்பதை நோயாளிக்குப் புரியும் வார்த்தைகளில் சொல்ல வேண்டும். அதன் பிறகும் உங்களுக்குச் செய்யலாம் என்று நினைக்கிறேன் என்றால், அதற்கான காரணத்தையும் அதே படிவத்தில் எழுதித் தர வேண்டும்.