பஞ்சாரத்துக்குள் மூன்று வாரம்



வீட்டுக் கோழி ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தால், நம் வீடுகளில் முதலில் எழுகிற பேச்சு, "இனி இது தேறாது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆச்சு" என்பதுதான். கறிக்கென்றே வளர்த்த கோழியானால் அது அந்த வீட்டின் முடிவு. ஆனால் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடுகிற கோழி, குரல் கேட்டதும் ஓடிவந்து மடியில் ஏறுகிற கோழி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு சிறுமி வளர்க்கும் சிறுவிடைக் கோழிக்குச் செவலை என்று பெயர். பைக் ஒன்று இடித்துவிட்டுப் போனதில் அதன் இடது கால் மடங்கிவிட்டது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தை, இது பிழைக்குமா?" என்று கேட்டாள். பிழைக்கும் என்றேன். வெறும் ஆறுதலுக்காகச் சொன்ன பதில் அல்ல அது.

பறவையின் எலும்பு நம் எலும்பைவிடச் சீக்கிரம் கூடும். நமக்குக் கால் முறிந்தால் மாதக்கணக்கில் கட்டு. கோழிக்கு ஏற்பட்டது எளிய முறிவாக இருந்து, எலும்பு விலகாமலும் அசையாமலும் பார்த்துக்கொண்டால் ஏறக்குறைய 3 வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அந்த 3 வாரத்தை நாம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

முதலில் துண்டால் இறக்கையைச் சேர்த்துப் போர்த்தி, மடியில் வைத்து, இரண்டு காலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கில் நூலோ தலைமுடியோ சுற்றி இறுக்கியிருக்கிறதா? குப்பையைக் கிளறுகிற கோழிகளுக்கு இது அடிக்கடி நேர்வது. மெல்ல வெட்டி எடுத்துவிட்டாலே பாதி நொண்டல் போய்விடும். பாதத்தின் அடியில் கறுப்பாகப் பொருக்கு தட்டி வீங்கியிருந்தால் அது உள்ளே சீழ் கோத்த புண். அதற்கு மருத்துவர் வேண்டும். அடிபட்ட இடம் இரண்டு மூன்று நாளில் பச்சை நிறமாக மாறும். அழுகிவிட்டதோ என்று பதற வேண்டாம். நமக்குக் கன்றிப்போனால் நீலமாவது போல, பறவைக்குக் கன்றினால் பச்சை. கால் சில்லிட்டுக் கறுத்து, நாற்றமும் எடுத்தால்தான் பயப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அடியே படாமல் கால் விழுந்தால் அது காயம் அல்ல, பெரும்பாலும் நோய். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால், 1907-இல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசப் மாரெக் விவரித்த வைரஸ் நோயாக இருக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டு, எச்சமும் பச்சையாகப் போனால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட கோழியை உடனே தனியே பிரித்துவிட்டு, மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். போக வழியில்லாதவர்கள் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

கட்டுப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கோழிக்குப் பின்பக்கமாக மடங்குகிறதே, அந்த மூட்டை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம். அது அதன் கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, இறகுக்குள் மறைந்திருக்கிறது. செதில் மூடிய கீழ்க்காலில் முறிவு என்றால் பஞ்சு சுற்றி, மெல்லிய மூங்கில் சிம்பு வைத்துக் கட்டலாம். அதற்கு மேலே, சதைப்பகுதியில் முறிந்திருந்தாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ நம் கை வைக்கவே கூடாது. பிரண்டையை அரைத்துப் பற்றுப் போடுவது நம் பக்கத்து வழக்கம். பெரியவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதைப் பூசினாலும் எலும்பு அசையாமல் இருந்தால்தான் கூடும். கட்டு இறுகிவிடாமல் காலையும் மாலையும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

செவலைக்கு முறிவு கீழ்க்காலில்தான். கட்டியாயிற்று. பிறகு என்ன? நம் ஊர்ப் பஞ்சாரக் கூடை இருக்கிறதே, அதைவிட நல்ல மருத்துவமனை கோழிக்கு இல்லை என்று நான் நினைக்கிறேன். குதிக்க முடியாது, ஓட முடியாது, நாயும் பூனையும் நெருங்காது. காற்றும் வெளிச்சமும் தாராளம். அடியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையோ செய்தித்தாளோ வேண்டாம், நல்ல காலும் வழுக்கி விலகிவிடும். எழ முடியாத கோழிக்குக் கால் முறிவைவிடப் பெரிய ஆபத்து தாகம். நான்கடி தள்ளித் தண்ணீர் இருந்தால் அதற்கு இல்லாத மாதிரிதான். படுத்தபடியே அலகு எட்டுகிற தூரத்தில் தட்டையான கிண்ணத்தில் வையுங்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் நெஞ்செலும்பில் புண் வரும், அவ்வப்போது திருப்பி உட்கார வையுங்கள். எச்சத்தை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். ஈ மொய்த்து முட்டையிட்டால் காயத்தில் புழு வைத்துவிடும்.

முட்டையிடுகிற கோழியானால் கிளிஞ்சல் தூள் வையுங்கள். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதில் ஒரு பங்கைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. நமக்குத் தினம் முட்டை தந்த கால் அது.

இந்தப் பஞ்சாரத்தை எங்கே வைப்பது? இதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். அடிபட்டது நிம்மதியாக இருக்கட்டும் என்று இருட்டறையில் மூடிவைத்துவிடுகிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நார்வேயில் சிறுவயது முதலே கோழிகளைப் பார்த்து வளர்ந்த தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர், கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை 1921-இல் எழுதினார். நம் முற்றத்திலும் அதே வரிசைதான். ஒரு கோழி சில வாரம் கண்ணில் படாமல் போனால் மற்றவை அதை மறந்துவிடும். திரும்பி வரும்போது புதுக்கோழிபோலச் சுற்றி நின்று கொத்தும். எலும்பு கூடுவதற்கும் உறவு அறுவதற்கும் ஏறக்குறைய ஒரே காலம்தான் ஆகிறது, பாருங்கள். ஆகவே வெளிக்காயத்தில் ரத்தம் நின்று ஆறத் தொடங்கியதும், பஞ்சாரத்தை மற்றக் கோழிகள் மேயும் முற்றத்திலேயே வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், குரல் கொடுக்கட்டும். பக்கத்தில் இரை பொறுக்கும் சத்தம் கேட்டால் சோர்ந்து கிடப்பதும் தலைதூக்கிக் கொத்தித் தின்னும்.

செவலை அப்படித்தான் வேப்பமரத்தடியில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை இறக்காமலேயே அந்தப் பிள்ளை ஓடிவந்து தண்ணீர் மாற்றுவாள். இப்போது செவலை நடக்கிறது. ஓடும்போது மட்டும் இடதுபக்கம் கொஞ்சம் சாய்கிறது.

கட்டைப் பிரித்ததும் நேரே கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். பொழுது சாய்ந்து எல்லாம் கூட்டில் அடைந்த பிறகு நடுவில் கொண்டுபோய் வையுங்கள். இருட்டில் கொத்தாது. உயரமான கிளையில் ஏற விடாதீர்கள். சில நாளைக்குத் தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடமாக வீசுங்கள். மற்றவை முதல் குவியலுக்கு ஓடும். மெதுவாக வருகிற கோழிக்குப் பக்கத்துக் குவியல் மிச்சம் இருக்கும்.