விண்ணப்பமும் வாக்குமூலமும்

ஒன்றைச் சொல்வதும் மறைப்பதும் சொல்பவனின் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்தது என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். கேட்பவனுக்கும் இதில் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதை யோசிப்பதில்லை.

2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் சட்டக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாணவன் தன்மேல் உள்ள முதல் தகவல் அறிக்கை, நடக்கும் வழக்கு, தண்டனை, விடுதலை எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் அதற்குப் பிறகுதான். குற்றமில்லை என்று தீர்ந்துபோனதையும் கேட்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவோ, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகச் சிறை சென்றவனைக்கூட, வெளிவந்து இரண்டு வருஷம் ஆனபின் தடுப்பதில்லை. சட்டம் முற்றுப்புள்ளி வைத்த இடத்தைத் தாண்டியும் படிவம் கேட்கிறது.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் சட்டம் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். குடிநீர் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த கூட்டத்தோடு அவன் பெயரையும் போலீஸ் எழுதியிருக்கலாம். திருவிழாக் கைகலப்பில் எழுதியிருக்கலாம். படிவத்தின் கட்டத்தில் இரண்டும் ஒரே 'ஆம்'தான். அதே ஊரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி வருஷங்களைக் கழித்த ஜே. சி. குமரப்பா, 'யங் இந்தியா'வில் எழுதியதற்காக 1931இல் சிறை சென்றவர். அவரும் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்றே எழுத வேண்டியிருக்கும். 1922இல் காந்தி தண்டனை பெற்றதும் லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. திரும்பச் சேர்த்தது 1988இல், அவர் இறந்து நாற்பது வருஷம் கழித்து. ஸ்தாபனங்களின் ஞாபகம் இப்படிப்பட்டது.

நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. டெல்லி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது, சமரசமாகித் தீர்ந்த ஓர் அடிதடி வழக்கைச் சொல்லாமல் விட்ட இளைஞனுக்கு, 2011இல் உச்ச நீதிமன்றம் பரிவு காட்டியது. தீர்ப்பில் ஹ்யூகோவின் ழான் வல்ழான் வருகிறான். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதை நெறிப்படுத்தினார்கள்: குறிப்பாகக் கேட்டதை மட்டுமே சொல்லக் கடமை; இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம். 'விடலாம்' என்பதில்தான் சிக்கல். விடாமலும் இருக்கலாம். அந்தப் பயத்தில்தான் பையன் 'இல்லை' என்று எழுதுகிறான். அற்ப வழக்கு அப்படியே நிற்க, பொய் என்ற புதுக் குற்றம் பிறக்கிறது.

கட்சிக்காரனின் பணமும் மானமும் வக்கீலின் கையில் இருக்கின்றன. மோசடி செய்தவனை அடையாளம் காண வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் மோசடியைத் தேடுபவர் மோசடி பற்றிக் கேட்கட்டும். எல்லாவற்றையும் கேட்பது ஜாக்கிரதை ஆகாது; தரம் பிரிக்கும் பொறுப்பிலிருந்து நழுவுவதுதான்.

பதினைந்து வயதில் அண்ணனின் காப்பிலிருந்து தங்கம் வெட்டியெடுத்த காந்தி, அதை ஒரு சீட்டில் எழுதித் தகப்பனாரிடம் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் விட்டார், சீட்டைக் கிழித்துப் போட்டார். மகனின் நேர்மையை நாம் பாடமாக்கிவிட்டோம். தகப்பன் சீட்டைக் கிழித்ததை விட்டுவிட்டோம். வாக்குமூலம் பூர்த்தியாவது அந்த இடத்தில்தான்.

அலுவலகம் தகப்பனாக முடியாது என்பது வாஸ்தவம். கிழிக்க முடியாது என்பது வாஸ்தவமல்ல. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் போன்ற விலக்குகள் நீங்கலாக, சிறுவனின் வழக்கு ஆவணங்களை உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. பதினெட்டு வயதுக்கு ஒரு நாள் முன்னால் சாத்தியமானது, ஒரு நாள் பின்னால் ஏன் சாத்தியமில்லை?

கேட்டால் அந்தப் பையன் உண்மையை எழுதத்தான் வேண்டும். மறைப்பதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எதை ஒதுக்குவோம், எப்போது அழிப்போம் என்று அதே காகிதத்தில் அச்சிடாதவர், அவனிடம் உண்மையைக் கேட்கவில்லை. ஒரு பிடியைத்தான் கேட்கிறார்.