காதைச் சோதிப்பவர்கள்

கேட்காத ஒலியைக் கேட்டதாகச் சொல்வது பொய்யா? அறம் பற்றிய இந்தக் கேள்வி நூற்பாலையில் வேலை பார்க்கும் நம் சனங்களிடமிருந்து எனக்கு வந்தது.

காதுப் பரிசோதனை இப்படித்தான் நடக்கும். வெளிச்சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். ஒலி கேட்டால் அமுக்க வேண்டும். இரைச்சல் தின்ற காது பெரும்பாலும் முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை. பேச்சு அப்போதும் ஓரளவு கேட்பதால் ஆளுக்கே தெரியாது. பிறகுதான் 'சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல' என்ற நிலை. உட்செவியில் செத்த மயிரிழைச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே முன்கூட்டிக் கண்டுபிடிப்பது நல்லதுதான். யாருக்கு நல்லது?

எங்க சின்னையா இருபது வருசம் ஸ்பின்னிங்கில் நின்றவர். ஒருமுறை சோதனைக்குப் போய்வந்து சிரித்தார்: "கேட்டுச்சோ கேக்கலையோ, அப்பப்ப அமுக்கிக்கிட்டே இருந்தேன்டா. செவிடுன்னு எழுதிட்டா நாளைக்கு மில்லுக்குள்ள விடுவானா?" அவரோடு நின்ற ஒருவரைக் காது போச்சென்று கண்டுபிடித்துக் கணக்கு முடித்து அனுப்பியிருந்தார்கள். இயந்திரம் அதே இடத்தில் அதே இரைச்சலோடு ஓடியது. அதன் முன்னால் புதுக் காது ஒன்று வந்து நின்றது.

இரைச்சலால் வரும் காதிழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் பின்னால் சேர்க்கப்பட்டது. 90 டெசிபெல் என்றால் 8 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம் என்று விதிகள் கணக்குப் போட்டன. ஆனால் மின்சாரத்தில் ஓடும் ஓரிடம் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலையாகத் தெரிய 10 பேர் வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கியது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் நாலைந்து பேரை வைத்து ஓட்டும் விசைத்தறிக் கூடத்தில், வாங்கிய முன்பணத்துக்காக 12 மணி நேரம் நிற்கிற அருந்ததியர் குடும்பத்துக்கு அந்தப் பொத்தானும் கிடையாது.

வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய தகரமும் அரக்கும் ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். அது கேட்டதற்குத் தண்டனை. இங்கே தண்டனை என்ற பேரே இல்லை. கூலி கொடுத்தே காதை எடுத்துக்கொள்கிறார்கள்.

சின்னையா செய்ததைப் பொய் என்று நான் எண்ணவில்லை. உண்மையைச் சொல் என்று கேட்கும் உரிமை, அந்த உண்மையால் சொன்னவன் சோறு போகாது என்று உறுதி தருகிறவனுக்கே உண்டு. "கடைசியில் போனது அவர் காதுதானே?" என்றார் தோழர் ஒருவர். ஆமாம், போனது அவர் காதுதான். காதா சோறா என்று ஒருவனை நிறுத்தியவனை விட்டுவிட்டு, நின்றவனிடம் வாய்மை பற்றிப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

அதனால் சோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நஷ்டஈடு கேட்டுப் போகிறவனுக்கு அந்தத் தாள்தான் சாட்சி. அது அவன் கையில் இருக்க வேண்டும். காது மங்கியதென்று தாள் சொன்னால், முதலில் இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும், இரைச்சலில் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆளுக்குக் கூலி குறையாமல் அமைதியான இடத்தில் வேலை தர வேண்டும். அதுவரை பொத்தானை எப்போது அமுக்குவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.