பிடிக்காத பேச்சு

சனி, ஞாயிறு நெருங்கினால் சென்னையில் எங்கெங்கே என்னென்ன கூட்டம் என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவார். தி.நகரில் கோயில் கட்டடக்கலை பற்றி ஓர் உரை, தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகள் பற்றி ஒன்று, எழும்பூரில் புத்தக வெளியீடு, மறுநாள் விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் மரபு நடை. ஆகஸ்ட் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். 1639 ஆகஸ்ட் 22ஐ நகரத்தின் பிறந்தநாளாக வைத்து, நகர வரலாற்றாளர் எஸ். முத்தையாவும் நண்பர்களும் 2004இல் தொடங்கிவைத்த கொண்டாட்டம் இன்று வாரக்கணக்கில் நீள்கிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கும்போது கொஞ்சம் வயிறெரியத்தான் செய்யும். ரயிலேறிப் போய்க் கேட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பியதும் உண்டு.

போய்வரப் போய்வர ஒன்று உறுத்தத் தொடங்கியது. அந்த அரங்குகளில் எனக்குப் பிடிக்காத பேச்சு எதையும் நான் கேட்டதில்லை. கேட்க நேரவே இல்லை. சைவம் பேசும் கூட்டத்தில் விபூதி மணக்கிறது. பகுத்தறிவுக் கூட்டத்தில் கறுப்புச் சட்டைகள். சோழர் வரலாற்றுக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ராஜராஜனின் ஆட்சியாண்டுகள் பேச்சாளரைவிட நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பது வரும்போதே முடிவாகிவிடுகிறது. ஒரே மாலையில் பத்துக் கூட்டம் நடக்கிற ஊரில், மனிதன் தனக்குத் தோதான ஒன்றைப் பார்த்துத்தானே போவான்? அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும் இடத்தில் காது குறுகிப்போகிறது.

சிறிய ஊரில் அந்த வசதி கிடையாது. எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பரிமேலழகர் உரை பற்றிப் பேசினாலும் பாம்புகளைப் பற்றிப் பேசினாலும் அதே முகங்கள்தான். ஓய்வுபெற்ற தபால்காரர், பாத்திரக்கடைக்காரர், தமிழாசிரியை, வீட்டில் டிவி சத்தம் தாங்காமல் வருகிற ஒரு பெரியவர். பாம்புப் பேச்சு நடந்த அன்று ஆள் சேராது என்று நினைத்தேன். அன்றுதான் கேள்விகள் ஓயவில்லை. சைக்கிளில் வரப்போரமாகத் தபால் கொண்டுபோன காலத்தில் பார்த்த சாரைகளையும் விரியன்களையும் தபால்காரர் ஒவ்வொன்றாகச் சொல்ல, பேச்சாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் பரிமேலழகர். தபால்காரர் அதற்கும் வந்திருந்தார், பாதியில் தூங்கினார், விழித்ததும் ஒரு கேள்வி கேட்டார். அது மோசமான கேள்வி இல்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்த விஷயம் வேறு மாதிரிப் படுகிறது. இந்த வயதில் நாம் ஒரு பேச்சைக் கேட்கப் போவது எதற்காக? ஏற்கெனவே நம்புவதை இன்னொருவர் நல்ல தமிழில் சொல்லக் கேட்டு ஆறுதல் அடையவா? அல்லது வீட்டுக்குத் திரும்பும்போது ஏதாவது ஓர் எண்ணமாவது இடம் மாறியிருக்கலாம் என்ற ஆபத்தையும் சேர்த்துக்கொண்டா? இரண்டாவதற்குத்தான் போகிறேன் என்று எல்லாரும் சொல்வோம். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

எங்கள் ஊரோ மனம் மாறிய ஒரு மனிதரால் பெயர்பெற்ற ஊர். திருவாமூரில் பிறந்து, பின்னாளில் அப்பர் எனப்பட்ட மருள்நீக்கியார் சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்ற பெயரில் பெரிய ஆசிரியராக இருந்தது இங்கே இருந்த பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் என்கிறது பெரியபுராணம். பிறகு சூலைநோய், தமக்கை திலகவதியார், திருவதிகை, சைவம். அரசனின் தண்டனையாகக் கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டு, கல்லே தெப்பமாகக் கரைசேர்ந்ததும் இதே ஊரில்தான். அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். சித்திரையில் விழாவும் உண்டு. "அவர் யாருடைய பேச்சையும் கேட்டு மாறவில்லை சார், வயிற்றுவலி வந்து மாறினார்" என்று நண்பர் ஒருவர் குறுக்கே புகுவார். நியாயம்தான். ஆனால் அவர் மாறியது ஒருமுறை இல்லை, இருமுறை. முதல்முறை சமணத்துக்குப் போனபோது நோய் எதுவும் இல்லை. நிலையாமையை எண்ணி, சமயங்களின் வழியை ஆராய்ந்துதான் போனார் என்று புராணமே சொல்கிறது. அந்த முதல் மாற்றத்தைப் பற்றி எங்கள் ஊர் மேடைகளில் யாரும் அரை மணி நேரம் பேசி நான் கேட்டதில்லை.

பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அப்பருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கி.பி. 458இல், சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் என்ற பிராகிருத நூலைப் பாடலிகா என்ற ஊரில் எழுதி முடித்தார். காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு அது என்ற குறிப்பும் இருக்கிறது. மூலம் இன்று இல்லை, பின்னால் வந்த சமஸ்கிருத வடிவம்தான் இருக்கிறது. அந்தப் பாடலிகா திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. உலகத்தின் அமைப்பைப் பற்றி ஒரு நூலை எழுதி முடிக்கிற அளவுக்குப் பெரிய கல்விக்கூடம் இருந்திருக்கிறது என்றால், அங்கே எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்! அந்தப் பள்ளியும் பாழியும் என்னவாயின என்பதையும் பெரியபுராணம் மறைக்கவில்லை. அப்பரைத் தண்டித்துப் பிறகு மனம் மாறிய பல்லவ அரசன் அவற்றை இடித்துக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலை எடுத்தான். பேச்சில் தோற்றவரின் கட்டடத்தையும் சேர்த்துப் பெயர்க்கிற பழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

இன்றைய மேடைப்பேச்சு வந்த கதையும் எங்கள் வட்டாரத்தைத் தொட்டுத்தான் போகிறது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். பாதிரிமார் ஞாயிறுதோறும் செய்த பிரசங்கத்தின் வலிமையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதே முறையை எடுத்துக்கொண்டு 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாட்டும் இசையும் கதையுமாக இல்லாமல், ஒருவர் நின்று உரைநடையில் பேச மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் இந்த ஏற்பாடு தமிழில் வேரூன்றியதில் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பெரிய பங்கு உண்டு. எதிராளியின் பேச்சை அத்தனை கவனமாகக் கேட்ட ஒருவரால்தான் அதைச் செய்ய முடிந்தது. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே.

ஆனால் கேட்பது எப்போதும் இனிமையாக முடியவில்லை. வள்ளலார் பாடல்களை ஒட்டி நாவலர் தரப்புக்கும் வள்ளலார் தரப்புக்கும் இருந்த பிணக்கு, சிதம்பரம் கோயிலில் நடந்த பேச்சு ஒன்றை ஒட்டி முற்றி, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படி ஏறியது. வள்ளலார் உள்ளே நுழைந்ததும் வழக்குத் தொடுத்த நாவலரே எழுந்து நின்றார் என்பது ஒரு தரப்பு ஆசையோடு சொல்லும் கதை. மறுதரப்பு அதைக் கேட்டால் முகம் சுளிக்கும். நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து இதைப் பேசுவது அபூர்வம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை இன்றைக்குத் தலைகீழ். பேச்சைக் கேட்க ஊர்க்காரர்கள் பட்டணத்துக்குப் போகவில்லை. பட்டணத்துப் பெரியவர்கள் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தார்கள். காரணம் ஞானியாரடிகள் (1873–1942). வீரசைவ மடம் ஒன்றின் ஐந்தாம் தலைவராகப் பதின்ம வயதிலேயே பட்டம் ஏற்றவர். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இலக்கணம், சாத்திரம், புராணம் என்று கிளைகிளையாகப் போய், கேட்கிறவர் வழி தவறிவிட்டதாக நினைக்கும் நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பாராம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மணிக்கணக்கில். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியதன் பின்னால் அடிகளின் தூண்டுதல் இருந்தது என்பார்கள். 1905இல் அவர் முயற்சியில் சைவ சித்தாந்த சமாஜம் உருவானது. அப்போது கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் அதற்காக ஓடி உழைத்தவர். வீரசைவ மடத் தலைவர் முன்னால் நிற்க, கிறித்தவக் கல்லூரி ஆசிரியர் ஓடியாட, சைவ சித்தாந்தத்துக்கு ஒரு சங்கம்! இன்று இப்படி ஒரு சேர்க்கையை அழைப்பிதழில் அச்சடிக்கவே யோசிப்பார்கள்.

அடிகள் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1944இல், இதே கடலூரில் கூட்டம் பேசிவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த பெரியார் மீது ஒரு செருப்பு வந்து விழுந்தது. ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாது என்று வண்டியைத் திருப்பச் சொன்னார், இன்னொன்றும் வந்து விழுந்தது, ஜோடியாக எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். 1972இல் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள். செருப்பு வீசியதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் அதே கடலூரில் அதே நாற்பதுகளில் சிறுவன் கி. வீரமணி மேடையேறிப் பேச, அண்ணா அவரைத் தங்கள் இயக்கத்தின் திருஞானசம்பந்தர் என்று வருணித்தார். அப்பரின் ஊரில், நாத்திக மேடையில், சம்பந்தரை உவமை சொன்னால் எல்லாருக்கும் புரிந்தது பாருங்கள். எதிர்த்தரப்பின் கதைகளைத் தெரிந்து வைத்திருந்த கூட்டம் அது.

மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தனையும் விட்டுவிட முடியாது. திருச்சியில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில் பெரியார் பேசி முடித்ததும் எழுந்து, அவர் முன்னிலையிலேயே அவர் பேச்சை மறுத்துப் பேசினார். கூட்டத்தில் சலசலப்பு. பெரியார் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அந்த மாலையில் நான் வியப்பது மறுத்துப் பேசிய இளைஞரை அல்ல.

பேச்செல்லாம் யூடியூபில் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கிறது, ஆனால் பிடிக்காத வாக்கியம் வந்ததும் கட்டைவிரல் அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறது. அரங்கத்தில் நடுவரிசையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து போகக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் பெரிய கல்வி. ஆனால் அரங்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1597 முதல் லண்டனில் கிரெஷாம் கல்லூரி யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று இலவச உரைகள் நடத்துகிறது. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் வேறு கருத்துள்ளவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவர எந்த நிறுவனத்தாலும் முடியாது.

இந்த இடத்தில்தான் மரபு நடைகள் மீது எனக்கு நம்பிக்கை வருகிறது. தெருவுக்குக் கட்சி கிடையாது. ஜார்ஜ் டவுனில் ஒரு நடையில் போனபோது, வழிகாட்டியவர் ஒரு பழைய வீட்டைக் காட்டி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் காகிதக்கடை வாசலில் நின்றிருந்த பெரியவர், "அது இந்த வீடு இல்லீங்க, ரெண்டு வீடு தள்ளி. அதை இடிச்சாச்சு" என்றார். வழிகாட்டி ஒரு நொடி திகைத்து, பிறகு எங்களையெல்லாம் அந்தப் பெரியவர் பக்கம் திருப்பிவிட்டார். அன்றைய நடையிலேயே சிறந்த பத்து நிமிடம் அதுதான். அரங்கத்துக்குள் அந்தக் காகிதக்கடைக்காரர் வந்திருக்கவே மாட்டார். நகரத்தைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் டொரோண்டோவில் தொடங்கிய இலவச நடைகளில், அந்தந்தத் தெருவில் வாழ்கிறவர்களே அழைத்துப் போகிறார்கள். மே மாத முதல் வார இறுதியில் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன.

எங்கள் ஊரிலும் அப்படி ஒன்று நடத்தத் தடை எதுவுமில்லை. பாடலீஸ்வரர் கோயிலில் தொடங்கலாம். பாதிரி மரத்தடியில் அப்பரைப் பற்றிச் சைவர் ஒருவர் பேசட்டும். தருமசேனரைப் பற்றிச் சமணர் ஒருவர் பேசட்டும். தென்னார்க்காட்டுப் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, கூப்பிட்டால் வருவார்கள். ஞானியார் மடம். கெடில ஆற்றுப் பாலம், பெரியார் சிலை. அங்கே ஒரு கறுப்புச் சட்டைக்காரர். மஞ்சக்குப்பத்தில் நாவலர் தரப்புக்கு ஒருவர், வள்ளலார் தரப்புக்கு ஒருவர். கால் வலிக்காதவர்கள் தேவனாம்பட்டினம் வரை வரலாம். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்று பேசி, சுற்றிலும் சுட்டு எல்லை குறித்தார்கள். குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. தன் ஊர் எல்லைக்குள் விழுந்த குண்டைப் பற்றி மீனவர் ஒருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஒரே நிபந்தனை: எல்லாரும் எல்லாருடைய பேச்சுக்கும் நிற்க வேண்டும். தன் முறை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடாது. மார்கழி, தை மாதங்கள் தோதானவை. காலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் கூடினால், வெயில் ஏறுமுன் மஞ்சக்குப்பம் சேர்ந்துவிடலாம். கடலூர்க்காரர்கள் யாராவது முன்வந்தால் தேநீர்ச் செலவு என்னுடையது.