நெய்தவள் பெயர்

கைத்தொழில் செய்வோர் தாம் செய்த பொருளில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வது தகுமா, தகாதா என்பது பழைய வினா. தகாது என்போர் பலர். பெயரை விரும்புதல் முகஸ்துதிக்கு வாசல். மறைவாய்ச் செய்யும் வேலையே தூய்மையுடையது. ஆதலால் பெயரின்றி உழைப்பவர் பேறு பெற்றவர் என்பது அவர்களின் வாதம். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் இவ்வாதத்தை எடுத்துரைப்போர் பெரும்பாலும் பொருளைச் செய்பவர் அல்லர். அதை விற்பவரும் வாங்குபவருமே ஆவர். இது நம்மைச் சற்றே நின்று சிந்திக்க வைக்கிறது.

இவ்வினாவை வெறும் ஏட்டு வினாவாக விட்டுவிடாமல், நமக்கு அறிமுகமான ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மாதேவிக்கு அருகே பத்தமடை இருக்கிறது. தாமிரபரணியின் நீர் வளம் பெற்ற ஊர். அங்கே லெப்பைமார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்க் கோரைப்பாய் நெய்து வருகின்றன. நீரோரங்களில் வளரும் கோரையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊற வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு தண்டையும் கத்தியால் நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் பஞ்சு போன்ற பகுதியை நீக்குவார்கள். நயமான பாய்க்கு வேண்டிய கோரை நூலிழையைப்போல் மெலிந்திருக்க வேண்டும். கீறும் கை சிறிது பிசகினாலும் தண்டு வீண். சாயமிட்ட கோரை ஊடையாகச் செல்ல, பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக நிற்கும். தறி தரையை ஒட்டியது. நெய்பவர் குனிந்த முதுகோடு அமர்ந்திருக்க வேண்டும். சாதாரணப் பாய் விரைவில் முடிந்துவிடும். பட்டுப்பாய்க்கோ வாரங்கள் செல்லும். சில வேளை மாதமும் கடக்கும். முடிந்த பாய் துணியைப்போல் மடியும்.

இவ்வேலையின் பெரும்பகுதி பெண்களின் கையால் நடப்பது. அடுப்புக்கும் தொழுகைக்கும் பிள்ளையின் அழுகைக்கும் இடையே எஞ்சும் நேரமே தறிக்குரிய நேரம். ஒரு கை கீற, ஒரு கை சாயமிட, ஒரு கை நெய்ய, ஒரு பாய் உருவாகிறது. தாயிடமிருந்து மகளும், மாமியாரிடமிருந்து மருமகளும் இதைக் கற்கிறார்கள். பாடநூல் கிடையாது, பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதே பாடம்.

திருமணத்திற்கென நெய்யும் பாயில் மணமக்களின் பெயர்களை எழுத்துப் பிசகாமல் நெய்து கொடுப்பது வழக்கம். 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவிற்கு இவ்வூர்ப் பாய் ஒன்று அனுப்பப்பட்டது என்பதை ஊரார் இன்றும் பெருமையோடு கூறுவர். 2012-2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மணமகன் பெயர் நிற்கிறது. மணமகள் பெயர் நிற்கிறது. அரசியின் பெயரும் ஊரின் பெயரும் நிற்கின்றன. நெய்தவளின் பெயரை மட்டும் காணோம்.

இதைத்தான் சிலர் இக்லாஸ் என்று போற்றுகிறார்கள். அச்சொல்லின் பொருளை நாம் சற்றுக் கவனமாக அணுக வேண்டும். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படும் என்ற கருத்துள்ள நபிமொழியை இமாம் புகாரி தம் நூலின் தொடக்கத்திலேயே வைத்தார்கள். அவ்வெண்ணம் செய்பவருடைய எண்ணம். ஒருவருக்காக மற்றொருவர் நிய்யத்து வைக்க இயலாது. தன் பெயர் வேண்டாமென்று நெய்தவளே ஒதுக்கினால் அது இக்லாஸ். அவளைக் கேளாமலே நாம் ஒதுக்கிவிட்டு, அதற்கு இக்லாஸ் என்று பெயர் சூட்டினால் என்னவாகும்? ஒருவன் மனமுவந்து கொடுத்த பொருள் தர்மம். அவன் இசைவின்றி எடுத்த பொருளைத் தர்மம் என்று எந்தப் பிக்ஹு நூலும் சொல்லவில்லை. அதற்கு அங்கே கஸ்பு என்று வேறு பெயர் இருக்கிறது. பறித்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள்.

அரபு மொழியில் ஒரு நயம் உண்டு. பழைய பித்தளைப் பாத்திரங்களிலும் மண்கலங்களிலும் கைவினைஞர்கள் 'அமல்' என்று எழுதி, அதையடுத்துத் தம் பெயரைப் பொறித்தார்கள். இன்னாரின் வேலை என்பது கருத்து. மறுமையில் நிறுக்கப்படும் நற்செயலுக்கும் அதே சொல்தான். தராசில் வைக்கப்படும் அமல் ஒருவருடையது என்று நாம் நம்புகிறோம். பாய் மட்டும் யாருடையதும் அன்று என்று எப்படிச் சொல்வது?

மற்றொன்றும் கூற வேண்டும். நம் மதரஸாக்களில் ஒரு வாக்கியத்தை ஹதீஸ் என்று ஏற்குமுன் அதைச் சொன்னவர் யார், அவரிடம் கேட்டவர் யார் என்று சங்கிலித் தொடராகப் பெயர்களைக் கேட்கிறோம். ஒரு கண்ணியில் பெயர் விடுபட்டால் அறிவிப்பே பலவீனமாகிவிடுகிறது. அத்தொடர்களில் பெண்களின் பெயர்களும் தயக்கமின்றி இடம் பெற்றுள்ளன. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் போதித்த கரீமா அம்மையார் பெயரைக் கூறாமல் அந்நூல் நம்மை அடைந்த வரலாற்றைக் கூறுதல் அரிது. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்து, அவ்வருவாயைத் தர்மம் செய்தார்கள் என்பதும் பெயரோடுதான் பதிவாகியிருக்கிறது. ஒரு வாக்கியத்திற்கு இவ்வளவு பெயர்களைக் காத்த சமுதாயம், அந்த வாக்கியத்தை ஓதும்போது தான் அமர்ந்திருக்கும் பாய்க்கு ஒரு பெயரைக்கூடக் காக்கவில்லை. இது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். ஒரு பாயில் பல கைகள் சேர்ந்திருக்க, யார் பெயரைப் போடுவது? ஈரானின் அர்தபீல் கம்பளம் இதற்குத் தக்க சான்று. ஹிஜ்ரி 946ஆம் ஆண்டைத் தாங்கிய அக்கம்பளம் இன்று லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. நீளம் பத்து மீட்டருக்கு மேல். அதில் காஷான் நகரத்து மக்ஸூத் என்பவரின் பெயர் நெய்யப்பட்டுள்ளது. ஆனால் முடிச்சுகளைப் போட்டவர் அவரல்லர், வேலையை நடத்தியவராகவே இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆண்டுக்கணக்கில் முடிச்சிட்ட விரல்கள் யாருடையவை என்பதற்கு அங்கே குறிப்பில்லை. ஒரே பெயரை மட்டும் எழுதினால் அது மேலே இருப்பவரின் பெயராகவே அமைந்துவிடுவதை இது காட்டுகிறது. ஆயினும் கைகள் பல என்பது பெயரே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. ஸனதில் ஏழெட்டுப் பெயர்கள் வரவில்லையா? கீறியவர், சாயமிட்டவர், நெய்தவர் என மூன்று பெயர்களை ஒரு சிறு துணியில் எழுதிப் பாயின் மறுபுறத்தில் தைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

செலவு காரணமன்று. பெயர் தெரிந்தால் வாங்குபவர் நேரே அவ்வீட்டு வாசலுக்குப் போய்விடுவார் என்ற இடைத்தரகரின் அச்சமே காரணம் என்று நாம் கருதுகிறோம். பெயரில்லாதவள் நாளை இன்னொருத்தியால் மாற்றப்படக்கூடியவள். அவள் கூலியை உயர்த்திக் கேட்டால், கேட்காத வேறொரு வீடு இருக்கும். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளைக்கு, அவ்வியர்வை யாருடையது என்று அறிவதும் முன்தேவை அன்றோ? விசைத்தறிப் பாய்களும் பிளாஸ்டிக் பாய்களும் கடைகளில் நிறைந்து, கைப்பாயின் விலை தாழ்ந்திருக்கும் இந்நாளில், பெயர் என்பது புகழ்ச்சிக்குரிய பொருளாக நமக்குத் தோன்றவில்லை. அது அவளுடைய விலைச்சீட்டு. அவள் மகள் இத்தொழிலில் நிலைப்பாளா, விலகுவாளா என்பதையும் ஓரளவு தீர்மானிப்பது.

தன் பெயர் கடைத்தெருவில் தொங்குவதை விரும்பாத பெண் இருப்பாள். நாணம் ஒரு காரணமாகலாம். முன்னர்க் கூறிய இக்லாஸும் காரணமாகலாம். எதுவாயினும் அவளே சொல்லட்டும். பெயருக்குப் பதில் ஒரு சிறு பூவையோ, ஓரத்தில் இரண்டு நிற இழைகளையோ தன் அடையாளமாக நெய்துகொள்ள அவள் விரும்பலாம். ஒன்றும் வேண்டாமென்றும் கூறலாம். அப்போதும் வியாபாரியின் கணக்கேட்டில் அவள் பெயரும், பாயின் அளவும், அது முடிந்த தேதியும், அவளுக்குத் தர வேண்டிய தொகையும் ஒரே வரியில் இருக்க வேண்டும். அவ்வரியை அவள் கேட்டபோதெல்லாம் படித்துக் காட்டவும் வேண்டும்.